விக்கிரக ஆராதனையும் மெய்யான வழிபாடும்: கிறிஸ்தவ நம்பிக்கையில் ஓர் அறிமுகம்

திருகோணமலை நகரில் கோணேசர் கோயிலும் பத்திரகாளி அம்மன் கோயிலும் புனித மரியாள் பேராலயமும் மெதடிஸ்த ஆலயமும் பள்ளிவாசல்களும் விகாரையும் நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஆகவே இங்கு மறைக்கல்வி வகுப்புக்கோ ஞாயிறு பாடசாலைக்கோ போகும் பிள்ளை, பத்துக் கட்டளைகளை மனனம் செய்த கையோடு நேரான கேள்விகளைக் கேட்கிறது. மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் அம்மம்மா மெழுகுதிரி கொளுத்துவது விக்கிரக ஆராதனையா? பக்கத்து வீட்டு அக்கா தைப்பொங்கலன்று கொண்டுவந்து தரும் பொங்கலைச் சாப்பிடலாமா? கூடப் படிக்கும் நண்பனின் அண்ணனுக்குக் கோயிலில் கலியாணம் நடந்தால் போகலாமா? "கூடாது" என்றோ "பரவாயில்லை" என்றோ ஒரு சொல்லில் மறுமொழி சொல்லி அனுப்பிவிடுவது பெரியவர்களுக்கு இலகு. ஆனால் வேதாகமம் எதை விக்கிரகம் என்கிறது, எதை மெய்யான வழிபாடு என்கிறது என்பது விளங்கினால்தான் அந்த மறுமொழிக்கு ஓர் அடிப்படை கிடைக்கும்.

கிறிஸ்தவ நம்பிக்கை ஓர் எல்லைக்கோட்டிலிருந்து தொடங்குகிறது. கடவுள் ஒருவரே படைத்தவர்; வானமும் கடலும் மனிதரும் வானதூதரும் உட்பட ஏனைய அனைத்தும் அவரால் படைக்கப்பட்டவை. படைத்தவருக்கு மட்டுமே உரிய முழு நம்பிக்கையையும் முழு அன்பையும் இறுதிக் கீழ்ப்படிதலையும் படைக்கப்பட்ட ஒன்றுக்குக் கொடுத்துவிடுவதே விக்கிரக ஆராதனை. மனிதர் சிருஷ்டிகரை விட்டுச் சிருஷ்டியைத் தொழுதார்கள் என்று அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் சொல்வதும் இதையே. அப்படிப் பார்த்தால் சிலை என்பது இந்தப் பிழை எடுக்கக்கூடிய பல வடிவங்களில் ஒன்று. அந்த எல்லைக்கோட்டை நல்லவர்கள்கூடத் தாண்ட முடியாது. லீஸ்திரா என்ற ஊரில் மக்கள் பவுலையும் பர்னபாவையும் தேவர்கள் என்று எண்ணிப் பலியிட வந்தபோது அவர்கள் தங்கள் உடைகளைக் கிழித்துக்கொண்டு தடுத்தார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் யோவான் காலில் விழப்போனபோது வானதூதனே வேண்டாம் என்று விலக்குகிறான்.

யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் இரண்டு தடைகள் அடுத்தடுத்து வருகின்றன: வேறு தேவர்கள் உனக்கு இருக்கக் கூடாது, எந்தச் சுரூபத்தையும் உண்டாக்கி அதை வணங்கக் கூடாது. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இவ்விரண்டையும் சேர்த்து முதலாம் கட்டளையாக எண்ணுகிறார்கள். அங்கிலிக்கன், மெதடிஸ்த, சீர்திருத்த சபைகள் முதலாம், இரண்டாம் கட்டளைகளாகப் பிரிக்கின்றன. சேர்த்து எண்ணுகிறவர்கள் கடைசியில் வரும் இச்சையைப் பற்றிய தடையை இரண்டாக்கிப் பத்து என்ற கணக்கைச் சரிசெய்கிறார்கள். இந்த எண்முறை 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த புனித அகுஸ்தீனுடைய காலத்திலேயே இருந்தது. எனவே, கத்தோலிக்கர் ஒரு கட்டளையை ஒளித்துவிட்டார்கள் என்று வீதிப் பிரசங்கங்களில் கேட்கும் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. பிள்ளைகள் பாடமாக்கும் சுருக்க வடிவில் சுரூபம் பற்றிய வரி விடுபடுகிறது, வேதாகமத்தில் எல்லாரிடமும் முழுதாக இருக்கிறது.

தடைக்கான காரணத்தை உபாகமம் 4ஆம் அதிகாரம் தருகிறது. ஓரேப் மலையில் கடவுள் பேசியபோது மக்கள் சத்தத்தைக் கேட்டார்கள், உருவம் எதையும் காணவில்லை. ஆகையால் உருவம் செய்யாதிருங்கள் என்பது அதன் வாதம். உருவத்தை நாம் வைத்த இடத்தில் வைக்கலாம், வேண்டும்போது எடுக்கலாம், திரையிட்டு மூடலாம். சத்தமோ நம்மிடம் எதையாவது கேட்கும்.

பொற்கன்றுக்குட்டியின் கதை

யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தை எல்லாரும் கேட்டிருப்பார்கள். ஆனால் அதில் ஒரு வசனத்தைப் பலர் கவனிப்பதில்லை. மோசே மலையிலிருந்து இறங்கிவரத் தாமதிக்கிறார். மக்கள் பொறுமை இழக்கிறார்கள். காதணிகளைக் கழற்றிக் கொடுக்கிறார்கள், ஆரோன் அவற்றை உருக்கிக் கன்றுக்குட்டி ஒன்றைச் செய்கிறார். அதன் பிறகு அவர் அறிவிப்பது: "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை." கன்றுக்குட்டிக்கு எகிப்தின் தேவன் ஒருவனுடைய பெயரை அவர்கள் சூட்டவில்லை. தங்களை விடுவித்த கடவுளின் பெயரையே அதன்மேல் ஏற்றினார்கள். பெயர் சரி, பண்டிகை சரி, பலிகளும் சரி. கண்ணுக்குத் தெரியாத, காத்திருக்கச் சொல்கிற கடவுளுக்குப் பதிலாகத் தங்கள் அவசரத்துக்கு உடன்படுகிற ஒன்றை வைத்துக்கொண்டதில்தான் பிழை.

பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், தாவீதின் வம்சத்திலிருந்து பிரிந்துபோன வட இஸ்ரவேலின் அரசன் யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் இரண்டு கன்றுக்குட்டிகளை நிறுத்தினான். அவனுடைய காரணத்தை 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது: மக்கள் எருசலேமுக்குப் பண்டிகைக்குப் போனால் அவர்களுடைய மனம் தாவீதின் வம்சத்தின் பக்கம் திரும்பிவிடும், தன் ஆட்சி போய்விடும் என்று பயந்தான். அரசியல் தேவைக்காக வழிபாடு வடிவமைக்கப்பட்டதற்கு இதைவிட வெளிப்படையான பழைய சாட்சி கிடைப்பது அரிது.

இரண்டு கதைகளிலும் குற்றவாளிகள் கடவுளை அறிந்த மக்களே. வேதாகமம் முழுவதும் இப்படித்தான்: விக்கிரக ஆராதனை என்ற குற்றச்சாட்டின் பெரும்பகுதி அயலவரை நோக்கிச் செல்வதில்லை, உடன்படிக்கையின் மக்களாகிய இஸ்ரவேலரை நோக்கியே திரும்புகிறது. மரத்தின் ஒரு பாதியை எரித்துச் சமைத்துவிட்டு மறுபாதியைத் தெய்வமாக்கும் தச்சனை ஏசாயா 44ஆம் அதிகாரம் கேலி செய்வது உண்மை. ஆயினும் அந்தக் கேலி பாபிலோனியருக்கு எழுதி அனுப்பப்பட்டதன்று. பாபிலோனின் பகட்டைப் பார்த்து மனம் தளர்ந்த சொந்த மக்களுக்குச் சொல்லப்பட்டது. அதே நூலின் 46ஆம் அதிகாரம் இன்னும் ஆழமானது. பேல், நேபோ என்னும் பாபிலோனியத் தெய்வங்கள் களைத்துப்போன மிருகங்களின்மேல் சுமையாக ஏற்றப்படுகின்றன. இஸ்ரவேலின் கடவுளோ, தாயின் வயிற்றிலிருந்து நரைமயிர் காலம் மட்டும் நானே உங்களைச் சுமப்பேன் என்கிறார். நாம் சுமக்கவேண்டிய தெய்வமா, நம்மைச் சுமக்கும் கடவுளா என்ற இந்தக் கேள்வியை விக்கிரகத்தை அறியும் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

சைவ சமயத்தவர் கல்லையே கடவுள் என்று நம்புகிறார்கள் என எண்ணிக்கொண்டு அந்தத் தச்சனின் கதையை அவர்கள்மேல் ஏவுகிறவர்கள், குடமுழுக்கின்போது இறைவனை உருவத்தில் எழுந்தருளச் செய்வது பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டதில்லை. அந்த விளக்கத்தைக் கிறிஸ்தவ நம்பிக்கை ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் ஏற்காத ஒன்றையும் அது சொல்லப்படும் விதத்திலேயே விளங்கிக்கொள்வதுதான் நேர்மை.

சுரூபங்கள் பற்றிய வழக்கு

உருவத்தைத் தடுக்கும் அதே யாத்திராகமத்தில், உடன்படிக்கைப் பெட்டியின்மேல் பொன்னால் இரண்டு கேருபீன்களை (சிறகுள்ள வானதூதர் உருவங்களை) செய்யும்படி கடவுளே கட்டளையிடுகிறார். எண்ணாகமம் 21ஆம் அதிகாரத்தில், பாம்புகள் கடித்து மக்கள் சாகும்போது வெண்கலச் சர்ப்பம் ஒன்றைச் செய்து கம்பத்தின்மேல் வைக்கும்படி மோசேக்குச் சொல்லப்படுகிறது. நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். அந்தச் சர்ப்பத்தின் பிற்கால வரலாறு 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் வருகிறது. மக்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, காலப்போக்கில் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கிவிட்டார்கள். எசேக்கியா அரசன் அதை உடைத்துப்போட்டான். கடவுள் சொல்லிச் செய்த பொருள், ஒரு காலத்தில் உயிர் காத்த பொருள், பிறகு விக்கிரகமாயிற்று. அதே சர்ப்பத்தைத் தம் சிலுவைக்கு அடையாளமாக இயேசு எடுத்துச் சொல்வதை யோவான் 3ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உருவம் செய்வதே பாவம் என்று சொல்வதற்கும், செய்த உருவம் என்றென்றும் ஆபத்தற்றது என்று சொல்வதற்கும் இந்த ஒரே பொருள் தடையாக நிற்கிறது.

திருச்சபைக்குள் இதுபற்றிய பெரிய சண்டை 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் மூண்டது. பேரரசர்கள் படங்களை அழிக்க உத்தரவிட்டபோது, தமஸ்கு நகர யோவான் என்ற துறவி அவற்றுக்காக வாதாடினார். காணப்படாத கடவுளை வரைய முடியாது என்பது உண்மையே, ஆனால் அவர் இயேசுவில் மனிதனாகி முகத்தோடு நடமாடியபின் அந்த முகத்தை வரைவதை மறுப்பது அவர் மனிதரானதையே மறுப்பதாகும் என்பது அவருடைய வாதம். 787இல் நீசேயாவில் இரண்டாம் முறையாகக் கூடிய பொதுச்சங்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது, படங்களுக்குக் கொடுக்கப்படும் வணக்கம் அவை குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று தீர்மானித்தது. கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையாரும் இன்றுவரை நிற்பது இந்த நிலைப்பாட்டில்தான். வெளிநாட்டில் இருக்கும் மகனின் படத்தை ஒரு தாய் முத்தமிடும்போது அவள் காகிதத்தையா நேசிக்கிறாள் என்று அவர்கள் கேட்பார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளுக்கு இந்த வேறுபாடு போதுமானதாகப் படவில்லை. ஏட்டில் இரண்டு வணக்கங்கள் இருந்தாலும் மெழுகுதிரியோடு வரும் சாதாரண மனிதனின் மனத்தில் அவை பிரிந்து நிற்குமா என்பது அவர்களுடைய ஐயம். 1524இல் சூரிச் நகர ஆலயங்களிலிருந்து சுரூபங்கள் அகற்றப்பட்டன. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரோ அதற்கு முன்பே, 1522இல், விற்றன்பேர்க்கில் சுரூபம் உடைத்தவர்களைக் கண்டித்திருந்தார். மனத்திலிருந்து இறங்காத விக்கிரகத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் பயனில்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. கத்தோலிக்கத் தரப்பில் 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம், சுரூபங்களில் தெய்விகமோ வல்லமையோ இருப்பதாக நம்பி அவற்றிடம் எதையும் கேட்கக் கூடாது என்று எழுதிவைத்தது.

ஆகவே அம்மம்மாவின் மெழுகுதிரிக்கு வருவோம். மாதாவிடம் "எனக்காகக் கடவுளை மன்றாடும்" என்று அவர் கேட்டால், கத்தோலிக்கப் போதனையின்படி அது ஆராதனையாகாது. சீர்திருத்த சபையார் அதையும் தவிர்க்கச் சொல்வார்கள். இந்தச் சுரூபத்துக்குப் பவர் கூட, அந்தக் கோயில் சுரூபத்துக்குக் குறைவு என்று அவர் நம்பத் தொடங்கினால், அதைக் கண்டிப்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. நம்மூர்ப் பேச்சில் இரண்டாவது வகை எவ்வளவு காதில் விழுகிறது என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள்.

யார் யாருடைய விக்கிரகத்தை உடைப்பது

இந்த ஊரில் இந்தக் கேள்வியை வரலாறு இல்லாமல் பேச முடியாது. 1622இல் கத்தோலிக்கரான போர்த்துக்கேயரின் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்தான். அதன் கற்கள் இன்று பிரெட்ரிக் கோட்டை என்று அழைக்கப்படும் கோட்டையைக் கட்டப் பயன்பட்டன. கோட்டை வாசலில் இணைக்கயல் (இரட்டை மீன்) பொறித்த கல்லை இன்றும் பார்க்கலாம். அடுத்து வந்த ஒல்லாந்தர் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். தங்கள் ஆட்சிப் பகுதிகளில் அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருக்களைத் துரத்தினார்கள். மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கருக்குப் பணிசெய்ய 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்தவரே, 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்ட யோசேப்வாஸ் அடிகளார். கோயிலை விக்கிரகக் கூடம் என்று இடித்தவர்களின் சுரூபங்களே சில பத்தாண்டுகளில் விக்கிரகங்கள் என்று ஒதுக்கப்பட்டன.

எசேக்கியாவும் அவனுக்குப் பின் யூதாவை ஆண்ட யோசியாவும் உடைத்தார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் தங்கள் வீட்டைத் துப்புரவாக்கினார்கள். அவர்கள் உடைத்தவை இஸ்ரவேலர் தாமே அமைத்தவை. புதிய ஏற்பாட்டில் எந்த அப்போஸ்தலரும் எந்தக் கோயிலையும் இடித்ததாக ஒரு வரிகூட இல்லை. அத்தேனே நகரம் சிலைகளால் நிறைந்திருப்பதைக் கண்டு பவுலின் மனம் கொதித்தது. ஆனாலும் அவர் செய்தது பேசியதுதான். எபேசுவில் அவருக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, இவர்கள் கோயிலைக் கொள்ளையடிக்கவும் இல்லை, நம் தேவியைப் பழிக்கவும் இல்லை என்று சாட்சி சொன்னவர், அந்தத் தேவியை வணங்கிய நகரத்தின் எழுத்தரே (அப்போஸ்தலர் 19). 1622ஆம் ஆண்டுக்காரர்களைப் பற்றி அப்படியொரு சாட்சி யாராலும் சொல்ல முடியாது.

பொங்கலும் கலியாண வீடும்

கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. சந்தையில் விற்ற இறைச்சியில் ஒரு பங்கு கோயில்களில் படைக்கப்பட்டு வந்ததாக இருந்தது. பவுல் முதலாம் நிருபத்தில் 8ஆம் அதிகாரம் முதல் 10ஆம் அதிகாரம்வரை இதற்கு மறுமொழி எழுதுகிறார். அவர் சொல்வது ஒரே வரியில் அடங்குவதில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே உணவு தன்னளவில் தீட்டாவதில்லை. சந்தையில் விற்பதையும், அயலவர் விருந்துக்கு அழைத்து முன்னால் வைப்பதையும் விசாரணை செய்யாமல் சாப்பிடலாம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாமல் விடவேண்டும். கோயிலின் பலிப் பந்தியில் வழிபாடாகப் பங்குகொள்வதோ வேறு. கர்த்தருடைய பந்தியிலும் அதிலும் ஒருங்கே பங்குகொள்ள முடியாது. இவற்றோடு, அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ கட்டியெழுப்பும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்கிறார். உனக்குத் தெளிவு இருக்கலாம், உன் தெளிவைப் பார்த்துப் பலவீனமான சகோதரன் இடறிவிழுந்தால் அந்தத் தெளிவால் என்ன பயன் என்பது அவருடைய கேள்வி.

பொங்கல் கொண்டுவரும் அக்காவின் விடயத்தில் இவற்றைப் பொருத்திப் பார்த்தால், பல கத்தோலிக்க, மெதடிஸ்தக் குடும்பங்கள் அதை அயலவரின் அன்பாக வாங்கிச் சாப்பிடுவதும், சில பெந்தெகொஸ்தே சபையார் படைத்தது என்ற காரணத்தால் மறுப்பதும் ஒரே நிருபத்தின் வெவ்வேறு வசனங்களைப் பிடித்துக்கொண்டுதான் என்பது தெரியும். படைப்பதற்கு முன்னரே ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்து, "இது படைக்க முந்தி எடுத்தது பிள்ளை, அம்மாட்டச் சொல்லு" என்று கொடுத்துவிடும் அக்காமாரும் இங்கு உண்டு. பவுலின் மூன்று அதிகாரங்களில் உள்ள நயம் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. மறுக்கிறவர்களும் முகம் கோணாமல் மறுக்கலாம்.

கலியாண வீட்டுக்குப் போகலாமா என்பதற்கு நாகமானின் கதை உதவும். சீரியாவின் படைத்தளபதியான அவர் குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் கடவுளை ஏற்றுக்கொண்டபின், ஒரு சங்கடத்தைத் தீர்க்கதரிசி எலிசாவிடம் சொல்கிறார்: என் அரசர் ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனியவேண்டி வரும், கர்த்தர் இதை எனக்கு மன்னிப்பாராக. எலிசா அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சமாதானத்தோடே போ என்று மட்டும் சொல்கிறார் (2 இராஜாக்கள் 5). உறவுக்காக உடன் நிற்பதும் உள்ளத்தால் தொழுவதும் வெவ்வேறு என்று பலர் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். எலிசா அனுமதி கொடுத்தாரா, பொறுத்துக்கொண்டாரா என்பதில் உரையாசிரியர்களிடையே ஒருமை இல்லை.

சிலையில்லாத விக்கிரகங்கள்

எசேக்கியேல் 14ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலின் மூப்பர்கள் தீர்க்கதரிசிக்கு முன்னால் பக்தியோடு உட்கார்ந்திருக்கையில், இவர்கள் தங்கள் விக்கிரகங்களை இருதயத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கடவுள் சொல்கிறார். கொலோசெயருக்கு எழுதும் பவுல் பொருளாசையையே விக்கிரக ஆராதனை என்கிறார். கரைவலை இழுக்கும் நம் கடற்கரைக்கு மிக நெருக்கமான வசனம் ஆபகூக்கின் முதலாம் அதிகாரத்தில் இருக்கிறது. தேசங்களை விழுங்கும் கல்தேயரை, அதாவது பாபிலோனியரை, தீர்க்கதரிசி மீன்பிடிகாரனாகச் சித்திரிக்கிறார்: மனிதரை மீன்போல வாரி எடுத்துவிட்டு, தன் சாப்பாடு கொழுத்தது வலையால்தான் என்று அவன் தன் வலைக்கே பலியிட்டுத் தூபங்காட்டுகிறான். கடல் தந்ததை மறந்து வலையைக் கும்பிடுவது எப்படியிருக்கும் என்பதைச் சம்மாட்டிக்கும் வலை இழுப்பவருக்கும் விளக்கத் தேவையில்லை.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடவுளின் இடத்தில் வைக்கப்படக்கூடியவை என்று அதிகாரம், இன்பம், இனம், முன்னோர், அரசு, பணம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்த வரிசையில் பணத்தைப் பற்றி நம் ஆலயங்களில் ஓரளவு பிரசங்கம் நடக்கிறது. இனத்தைப் பற்றி, போர் கண்ட இந்த மாவட்டத்தில், மூன்று மொழிகளிலும் மிகக் குறைவாகவே நடக்கிறது. சீதனம் பேசும் நாளில் சுவரிலுள்ள திருவிருதயப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் தொகையைக் கூட்டிக் கேட்கும் வீட்டில் எது விக்கிரகம் என்று கண்டுபிடிக்க இறையியல் படிக்கவேண்டியதில்லை. பேரம் பேசும் நேர்த்தியும் இந்த வகையைச் சேரும். நன்றியாகச் செய்யும் நேர்த்தி வழிபாடு. விசா வந்தால் இன்னது தருவேன், வராவிட்டால் வேறு கோயில் பார்ப்பேன் என்பது கொடுக்கல் வாங்கல். சுரூபமே இல்லாத ஜெபக்கூடத்திலும் அபிஷேக எண்ணெய்ப் போத்தலை வைத்து இதே வியாபாரம் நடக்கலாம்.

ஆவியோடும் உண்மையோடும்

மெய்யான வழிபாடு பற்றிய மையப் பகுதி யோவான் 4ஆம் அதிகாரம். சமாரியாவில் ஒரு கிணற்றடியில் தண்ணீர் அள்ள வந்த பெண்ணிடம் இயேசு தாகத்துக்குக் கேட்கிறார். யூதரும் சமாரியரும் பழகாத காலம் அது. பேச்சு வளர்ந்தபோது அவள் தன் ஊரின் பழைய வழக்கை எடுத்து வைக்கிறாள்: எங்கள் முன்னோர் இந்தக் கெரிசீம் மலையில் தொழுதார்கள், நீங்களோ எருசலேம் என்கிறீர்கள். எந்த இடம் சரி என்பது அவளுடைய கேள்வி. இயேசு இடத்தைத் தீர்க்காமல், காலம் வருகிறது, அது இப்பொழுதே வந்திருக்கிறது என்று தொடங்கிச் சொல்கிறார்: "தேவன் ஆவியாயிருக்கிறார், அவரைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் ஆவியோடும் உண்மையோடும் அவரைத் தொழுதுகொள்ளவேண்டும்."

ஆலயமோ சடங்கோ உடலோ வேண்டியதில்லை என்று இதை விளங்கிக்கொள்வது தவறு. இயேசு தாமே ஆலயத்துக்குப் போனார், பஸ்காவை ஆசரித்தார், அப்பத்தையும் இரசத்தையும் கையில் எடுத்துக் கொடுத்தார். இடமும் சடங்கும் கடவுளைக் கட்டிவைக்கும் கயிறாக முடியாது, தொழுகிறவனின் உள்ளம் அங்கே பொய்யாக இருந்தால் அவை அவரைச் சேரா என்பதே இங்கு சொல்லப்படுகிறது. கத்தோலிக்கர் பூசையையும் சீர்திருத்த சபையார் வசனத்தையும் பாடலையும் மையமாக வைக்கும் வேறுபாடு முக்கியமானதுதான். அது தனிக் கட்டுரைக்குரியது.

உண்மை என்பது எங்கே சோதிக்கப்படும் என்பதைத் தீர்க்கதரிசிகள் முன்னரே சொல்லியிருந்தார்கள். உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், பாடல்களின் இரைச்சலை அகற்றுங்கள், நியாயம் தண்ணீரைப் போலப் பெருகட்டும் என்கிறது ஆமோஸ் 5. பண்டிகைகளைக் கண்டிக்கும் அந்த வரிகளில் தவறான தெய்வத்தின் பெயர் வரவில்லை. ஏழையை மிதித்த கால்களோடு வந்தார்கள் என்பதே குற்றம். யாக்கோபின் நிருபம் மாசில்லாத பக்தி என்பதை, துன்பப்படும் அநாதைகளையும் விதவைகளையும் விசாரிப்பதோடு சேர்த்துச் சொல்கிறது. போரையும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியையும் கண்ட கரையில் அந்த வசனத்துக்கு முகவரிகள் உண்டு.

இதன் பின்னால் ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம் நிற்கிறது. தம் உருவத்தைச் செதுக்க வேண்டாம் என்ற கடவுள், தாமே தம் சாயலை மனிதரில் வைத்துவிட்டார்; காணப்படாத கடவுளின் முழுச் சாயல் கிறிஸ்து என்று கொலோசெயர் நிருபம் சொல்கிறது. ஆகவே கடவுளைத் துதிக்கும் நாவால் அவருடைய சாயலாகிய மனிதரைச் சபிப்பது பொருந்தாது என்கிறார் யாக்கோபு. மலைப்பிரசங்கத்தில் இயேசு அதைப் பலிபீடம்வரை கொண்டுபோகிறார்: காணிக்கையோடு வந்து நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து. பூசையில் நற்கருணை வாங்குவதற்கு முன் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பல சீர்திருத்த சபைகளின் திருவிருந்து ஆராதனையிலும் அதற்கு இடம் உண்டு. அந்த நேரத்தில் முன்வரிசையில் உள்ளவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, காணித் தகராற்றில் பேச்சை நிறுத்திய உறவினர் நிற்கும் பக்கம் திரும்பாமலே இருந்துவிடவும் முடியும்.